12 வயது மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி: இப்போதே போட வேண்டுமா?

தாமிரவருணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வரும் ஆவணியில் 12 வயது நிறைகிறது. சென்ற மாதம் காய்ச்சலுக்காகக் குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எச்.பி.வி. ஊசி இன்னும் போடவில்லையே, உடம்பு தேறியதும் அழைத்து வாருங்கள்" என்றார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடர்பான ஊசி என்பதற்குமேல் நானும் விளக்கம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் வந்து சொன்னதும் பிரச்சினை தொடங்கிவிட்டது. என் மாமியார், "பிள்ளை பெரியவளாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கருப்பைக்கு ஊசியா? நாளைக்குக் குழந்தை தங்காமல் போனால் யார் பதில் சொல்வது?" என்று கேட்கிறார். என் கணவர் நேரடியாக மறுக்கவில்லை. ஆனால் 2010ஆம் ஆண்டில் ஆந்திரத்தில் இந்த ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் இறந்துபோனதாகக் கைப்பேசியில் படித்திருக்கிறார். "கல்யாணத்துக்கு முன்பு போட்டால் போதாதா, இப்போது என்ன அவசரம்?" என்பது அவர் வாதம்.

என்னால் இதை அப்படி ஒத்திப்போட முடியவில்லை. என் சித்தி 46 வயதில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார். உதிரப்போக்கை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு ஓராண்டு மறைத்து வைத்திருந்தார். பெரியாஸ்பத்திரிக்கு வந்தபோது நோய் முற்றியிருந்தது. அது பரம்பரையாக வருகிற நோயா, இந்த ஊசி அதைத் தடுக்குமா, எத்தனை தவணை போட வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், அதை அப்படியே வீட்டில் படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

ஈரோட்டு வைத்தியர்

அம்மா, உங்கள் மாமியாரும் கணவரும் கேட்பவை நியாயமான கேள்விகள். என் அறையில் வாரத்துக்கு நான்கைந்து பேராவது இவற்றையே கேட்கிறார்கள்; கேட்காமல் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலில், இது கருப்பைக்குப் போடும் ஊசி அன்று. மற்றத் தடுப்பூசிகளைப் போலத் தோள்பட்டைக்குக் கீழே கைத்தசையில் போடப்படுவது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் ஒரு வைரஸால் வருவது. அந்த வைரஸ்தான் எச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ். இந்தத் தொடர்பை 1980களில் நிறுவிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ள இந்த வைரஸ் குடும்பத்தில் 16, 18 என்ற எண்ணுடைய இரண்டு வகைகள் மட்டுமே நூற்றுக்குச் சுமார் 70 கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணமாகின்றன. எனவே உங்கள் சித்திக்கு வந்தது பரம்பரை நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வைரஸ் உடலுறவின் வழியே தொற்றுகிறது. இதைச் சொன்னவுடன் பலர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஆகையால் அடுத்த வரியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: தன் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் இது தொற்றும். மிகப் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள். ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அது வெளியேறாமல் தங்கி, கருப்பை வாயின் செல்களைச் சிறுகச் சிறுக மாற்றி, 15 முதல் 20 ஆண்டுகள் கழித்துப் புற்றாக வெளிப்படுகிறது. உங்கள் சித்தி நாற்பதுகளில் பட்ட துன்பத்தின் விதை, அவருக்குத் திருமணமான தொடக்க ஆண்டுகளிலேயே விழுந்திருக்கக்கூடும். அதில் அவருடைய தவறு எதுவும் இல்லை.

திருமணத்துக்கு முன்பு போட்டால் போதாதா என்பதற்கு வருகிறேன். இந்த ஊசி தொற்றைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது. ஆகவே தொற்று நேர வாய்ப்பே இல்லாத வயதில் போடுவதுதான் முழுப் பயன் தரும். மற்றொரு காரணம் உடலின் இயல்பு: 9 முதல் 14 வயதுக்குள் போடும்போது உருவாகும் எதிர்ப்பொருள், வயது கூடிய பின் போடும்போது உருவாவதைவிட அதிகம். இதனால்தான் நம் நாட்டு மருந்துக் குறிப்பில் 14 வயதுவரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையும், 15 வயது ஆகிவிட்டால் மூன்று தவணையும் சொல்லப்பட்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல், 9 முதல் 20 வயதுவரை ஒரே தவணை போதும் என்று தேர்ந்துகொள்ளவும் நாடுகளுக்கு இடமளித்திருக்கிறது; எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கு மட்டும் கூடுதல் தவணை வேண்டும். (மண்டபம் பார்ப்பதற்கும் புடவை எடுப்பதற்கும் நடுவில் தடுப்பூசியை நினைவில் வைத்திருந்த எந்தக் குடும்பத்தையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.)

குழந்தைப் பேறு பற்றிய அச்சத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. இந்த ஊசியில் உயிருள்ள வைரஸும் இல்லை, அதன் மரபுப்பொருளும் இல்லை. வைரஸின் மேலுறையைப் போன்ற வெற்றுப் புரதக் கூடுதான் இருக்கிறது. இந்தியாவில் இப்போது கிடைப்பவற்றில் அதை ஈஸ்டைக் கொண்டு தயாரிக்கிறார்கள். ஆகையால் ஈஸ்ட் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உண்மையில் கருப்பையைப் பறிப்பது அந்த நோய்தான்: ஓரளவு முற்றிய நிலையில் கருப்பையை அகற்றுவதோ கதிர்வீச்சு கொடுப்பதோதான் வழி, அதன் பிறகு பிள்ளைப்பேறு இல்லை. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஊசி போட்ட இடத்தில் வலி, சிறிது வீக்கம், சிலருக்கு ஒரு நாள் காய்ச்சல் வரலாம். இந்த வயதுச் சிறுமிகள் ஊசி என்றதும் மயங்கி விழுவதும் உண்டு. எனவே வெறும் வயிற்றோடு அழைத்துவர வேண்டாம். போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும்.

பலன் உண்டா என்பதற்கு இப்போது மக்கள்தொகை அளவிலேயே சான்று கிடைத்துவிட்டது. ஆஸ்திரேலியா 2007இல் தேசியத் திட்டமாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் ஆய்வு வெளியாயிற்று. ஸ்காட்லாந்தில் அதே வயதில் போட்டுக்கொண்ட தலைமுறையில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஜப்பான் நிற்கிறது: 2013இல் செய்தித்தாள்களில் கிளம்பிய பீதியால் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது, 70 சதவீதமாக இருந்த தடுப்பூசி அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே போயிற்று, 2022 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கினார்கள். இடையில் வளர்ந்த சிறுமிகள் இழந்ததை இனி முழுமையாகத் திருப்பித் தர இயலாது.

செலவு: புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்து 2023 ஜனவரியில் அறிமுகமான செர்வாவாக் ஒரு தவணை ஏறத்தாழ 2,000 ரூபாய், 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கிறது. ஒன்பது வகைகளைத் தடுக்கும் கார்டசில் 9 பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். இரண்டிலும் 16, 18 இருப்பதால், பணம் புரட்டுவதற்காகக் காலம் கடத்தாமல் கைக்கு எட்டியதைப் போடுங்கள் என்றே நான் சொல்வேன். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்தத் தடுப்பூசி போடுவதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. வாங்க இயலாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வைப்பது நல்லது.

ஆந்திர மரணங்களை விசாரித்த குழு, அவற்றுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றே கண்டது.

வழக்குமன்ற வாசி

மருத்துவர் ஐயா மற்ற அனைத்தையும் விரிவாக எழுதிவிட்டு, கேட்டவரின் கணவர் எழுப்பிய கேள்வியை மட்டும் கடைசி ஒற்றை வரியில் கடந்துவிட்டார். சந்தேகம் தங்கிவிடுவது இந்த இடத்தில்தான் என்பதால் அதை நான் சற்று விரித்துச் சொல்கிறேன்.

2009இல் பாத் என்ற பன்னாட்டு அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துடனும் மாநில அரசுகளுடனும் சேர்ந்து, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த ஊசியைப் போட்டது. அவர்களில் பலர் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள்; விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். அவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒருவர் நீரில் மூழ்கியும், ஒருவர் பாம்பு கடித்தும், இருவர் பூச்சிமருந்து அருந்தியும், ஒருவர் மலேரியாவாலும் இறந்தார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது; ஏனைய இருவரின் மரணக் காரணம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. ஊசியால் மரணம் என்ற முடிவுக்கு அந்த விசாரணை இடம் தரவில்லை. இதுவரை மருத்துவர் சொன்னது சரி.

ஆனால் 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கை வேறொரு குற்றத்தைச் சுட்டியது. பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டிய படிவங்களில் 2,700க்கும் மேற்பட்டவற்றில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஊசி போட்டபின் உடல்நலம் கெட்டால் அதைப் பதிவுசெய்யும் ஏற்பாடும் குறைபாடானது. தம் மகளுக்கு எதற்காக ஊசி போடப்பட்டது என்றே அறியாத தாய், அந்த மகள் இறந்தபின் ஊசியைத்தான் சந்தேகிப்பாள். அவளை அறியாமையில் பேசுகிறாள் என்று எவரும் பழிக்க முடியாது. மருந்தில் இல்லாத குற்றம் நடைமுறையில் இருந்தது. அதன் விலையாக இந்த நாட்டில் ஏறத்தாழ ஒரு தலைமுறைச் சிறுமிகளுக்கு இந்த ஊசி எட்டாமல் போயிற்று என்பது என் கருத்து.

ஆகையால் சகோதரி, உங்கள் கணவரிடம் அந்தச் செய்தி பொய் என்று சொல்லாதீர்கள். செய்தியில் பாதி உண்மை. மருத்துவரிடம் அவரையும் உடன் அழைத்துச் சென்று, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்ட பிறகு போடுங்கள். கம்மத்துப் பெற்றோருக்குக் கிடைக்காத உரிமை அது.

ஒட்டன்சத்திரம் செவிலி

முப்பத்தோரு ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வழக்குரைஞர் தம்பி சொன்ன 2010இன் மறுபக்கம் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது.

பாத் திட்டத்தோடு தொடர்பில்லாத வேறோர் ஆய்வு, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் துணையோடு, அதே காலத்தில் இந்தியாவில் பல இடங்களில் நடந்துகொண்டிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் எங்களுக்கு அடுத்துள்ள அம்பிளிக்கையும் அவற்றில் ஒன்று. மூன்று தவணைக்குப் பதில் இரண்டு போதுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். கம்மம் செய்தியால் 2010 ஏப்ரலில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னபோது, அந்த ஆய்வில் சேர்ந்த பதினேழாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளில் ஐயாயிரம் பேர் அளவில் ஒரே ஒரு தவணை மட்டும் போட்டிருந்தார்கள். பாதியில் நின்றுபோன வேலை என்று கைவிடாமல், அந்தப் பெண்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ஒற்றைத் தவணை பெற்றவர்களுக்கும் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து 95 சதவீத அளவுக்குப் பாதுகாப்பு இருந்தது என்று 2021இல் முடிவு வெளிவந்தது. இன்று உலகம் முழுவதும் ஒரே தவணையைப் பற்றிப் பேசுவதற்கு வலுவான சான்றுகளில் ஒன்று இந்த நாட்டுப் பிள்ளைகளின் கைகளிலிருந்து வந்தது. தற்செயலாகத்தான் வந்தது, ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கே இது தெரியாது என்பது எனக்குச் சற்று வருத்தம்.

இனி உங்கள் அத்தையிடம் பேசுவது பற்றி. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பள்ளிக்கூட வாசலிலிருந்து பிள்ளைகளை இழுத்துச் சென்ற பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் புள்ளிவிவரம் சொல்லிப் பயன் இருந்ததில்லை. உங்கள் வீட்டிலோ சித்தியின் கதை இருக்கிறது. அத்தைக்கும் அவரைத் தெரிந்திருக்கும். அந்த நோயும் இந்த ஊசி தடுக்கும் நோயும் ஒன்றே என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? என் அனுபவத்தில் பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. "கட்டி", "வயிற்றில் ஏதோ" என்று மூடிவைத்துவிடுவார்கள். மகளிடமும் அவள் வயதுக்கு ஏற்ற அளவில், "பெரியவளானபின் வரக்கூடிய ஒரு புற்றுநோய்க்கான ஊசி" என்று சொல்லிவிடுங்கள்.

கணக்குப்புலி

ஒரு மாற்றுக் கருத்து. சென்னையில் 1980களில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த இந்தப் புற்றுநோய், ஊசி எதுவும் இல்லாமலேயே குறைந்து, மார்பகப் புற்றுநோய்க்குப் பின்னால் போய்விட்டது என்று அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பதிவேடு காட்டுகிறது. திருமண வயது கூடியது, பிள்ளைப்பேறு குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது ஆகியவை போதுமானவை என்றால், 2,000 ரூபாய் ஊசி எதற்கு?

ஈரோட்டு வைத்தியர்

குறைந்திருப்பது உண்மை, நல்ல கேள்வியும்கூட. ஆயினும் குறைந்தபின் நிற்கும் அளவைப் பாருங்கள்: 2022ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது, சுமார் 80,000 பேர் இறந்தார்கள். நம் பெண்களிடையே இன்னமும் இரண்டாவது இடம் இதற்குத்தான். தானாகக் குறையட்டும் என்று விட்டால், சித்தியை இழந்த வீடுகள் இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தொடரும். சிக்கிம் அவ்வாறு காத்திருக்கவில்லை. 2018இலேயே பள்ளிகள் வழியாகத் தன் சிறுமிகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டது.

சென்ற பதிவில் ஆந்திர விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டேன் என்ற வழக்குரைஞரின் குறையை ஏற்றுக்கொள்கிறேன்.

வடமராட்சித் தாய்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2017ஆம் ஆண்டு தொடக்கம் இது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. தரம் 6 இல் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் வைத்தே இலவசமாக ஏற்றுகிறார்கள். என் மூத்த மகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை ஏற்றினார்கள். முதலில் சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தது. சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் வந்து பேசினார். மகளுக்கு அன்றிரவு கை நொந்தது, மறுநாள் வலைப்பந்து விளையாடப் போய்விட்டாள். வகுப்பு முழுவதற்கும் ஒரே நாளில் ஏற்றியதால், "என் பிள்ளைக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கும் நிலையே எங்களுக்கு வரவில்லை. தமிழ்நாட்டிலும் அது பாடசாலை வழியாக வந்தால் உங்கள் மாமியாரின் கவலையில் பாதி தானாகவே நீங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

தாமிரவருணி

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் உரக்கப் படித்தேன். கம்மம் பகுதியை என் கணவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார்; பிறகு, மருத்துவரிடம் தாமும் வருவதாகவும், செர்வாவாக் முதல் தவணையை இம்மாதமே போட்டுவிடலாம் என்றும் சொன்னார். என் மாமியார் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. மாலையில் அடுப்படியில் வந்து நின்று, "உன் சித்திக்கு வந்தது இதுதானா? எனக்கு வேறு மாதிரியல்லவா சொன்னார்கள்" என்றார். அதன் பின் மறுப்புச் சொல்லவில்லை.

இப்போது கேள்வி என்னைப் பற்றியது. எனக்கு 39 வயது, மாமியாருக்கு 61. எங்களுக்கு இந்த ஊசியால் பயன் உண்டா?

ஒட்டன்சத்திரம் செவிலி

உங்கள் வயதில் ஊசியைவிடப் பரிசோதனைதான் முக்கியம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். கருப்பை வாயில் வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்துத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு முதல் ஏழாண்டு நடந்த ஆய்வில், செவிலியர் செய்த இந்த எளிய சோதனையால் இந்நோயின் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. வலி இருக்காது, கூச்சம்தான் இருக்கும், அதுவும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஊசி போட்டுக்கொண்ட பெண்ணும் 30 வயதுக்குமேல் இந்தச் சோதனைக்கு வரத்தான் வேண்டும், ஏனெனில் ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

மாதவிடாய் நின்றவர்களுக்கு வினிகர் சோதனையில் தெளிவாகத் தெரியாது. ஆகையால் அத்தைக்கு அரசு மருத்துவமனையில் பாப் சோதனை (கருப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது) கேளுங்கள். அவருக்கு மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு உதிரம் பட்டிருந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். நீங்கள் மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் கழித்து, காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குமேல் கூட்டம் இருக்காது, ஆனால் செவிலியரும் களப்பணிக்குக் கிளம்பியிருப்பார்.